அப்பாவை மருந்தாய்வில் சேர்க்கலாமா? டர்பனிலிருந்து ஒரு மருத்துவரின் பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் உங்கள் தகப்பனாருக்கு 64 வயது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இப்போது இதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்குகிற நிலையில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறீர்கள். அங்கே ஒரு மருத்துவர் இதயச் செயலிழப்புக்கான புதிய மருந்தொன்றின் ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்டு, கனமான ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். உங்கள் சித்தப்பா, "நம்மைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள், கையெழுத்துப் போடாதே" என்று தடுக்கிறார். இதற்கிடையில் எடை குறைக்கும் ஊசி மாரடைப்பையும் தடுக்குமென்று கைப்பேசியில் செய்தி வந்திருக்கிறது. அதை அப்பாவுக்கு ஏன் போடவில்லை என்றும் கேட்கிறீர்கள். இந்த ஊர் அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொது மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சித்தப்பாவின் அச்சத்திலிருந்து தொடங்குவதே முறை. டர்பனைச் சூழ்ந்த நேட்டால் பகுதித் தமிழர்களுக்குக் காகிதத்தைக் கண்டு வரும் அச்சம் நியாயமானது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களிலும், அவர்களைத் தொடர்ந்து 1911 வரை வந்தவர்களிலும் பெரும்பாலோர், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தாமே படித்தறிய முடியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். இடையில் வேலையை விட்டு ஓடினால் சிறை. அந்த நினைவு வீட்டுக்கு வீடு தங்கியிருக்கிறது. ஆனால் மருந்தாய்வின் ஒப்புதல் படிவம் அந்தக் காகிதத்துக்கு நேர் எதிரானது. காலையில் கையெழுத்துப் போட்டவர் மாலையில் காரணம் சொல்லாமலே விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையில் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், விளங்கச் சொல்லி எழுத்தில் பெறும் சம்மதம் இல்லாமல் யார்மீதும் ஆய்வு நடத்தக் கூடாது என்கிறது. இதைச் சித்தப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் பயப்படுவதை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்து, இந்த ஆய்வுகளால் நோயாளிகளுக்கு உண்மையில் என்ன கிடைத்திருக்கிறது என்பது. தொலைதூர நாடுகளில் செய்து முடித்த பின்பு நம் கைக்கு வந்து சேருபவை என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கடந்த சில ஆண்டுகளில் மருத்துவத்தைத் திருப்பிப் போட்ட ஆய்வுகளில் பலவற்றில் தென்னாப்பிரிக்க நோயாளிகள் படுக்கையில் கிடந்தபடி பங்கேற்றிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது பிரசவ அறையில் நடந்த ஒன்று.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், குழந்தை பிறந்தபின் தாய்க்கு எவ்வளவு இரத்தம் போயிற்று என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்வோம். விரிப்பில் கொஞ்சம், துணியில் கொஞ்சம், தரையில் கொஞ்சம். எல்லாவற்றையும் மனத்தில் கூட்டி "முந்நூறு மில்லி இருக்கும்" என்று ஏட்டில் எழுதுவோம். தாயின் உதடு வெளுத்த பிறகுதான் அது எண்ணூறாக இருந்திருக்க வேண்டும் என்று புரியும். ஈ-மோட்டிவ் என்ற ஆய்வு கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் ஏறத்தாழ 80 மருத்துவமனைகளில் நடந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் அதில் அடங்கும். செய்ததெல்லாம் இவ்வளவுதான்: பிரசவமானதும் தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக் கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்பொன்றை வைத்தார்கள். அதன் முனையிலுள்ள பையில் இரத்தம் வடிந்து சேரும். கோட்டைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடும். அளவு மீறியதும் கருப்பையைப் பிடித்துவிடுவது, கருப்பை சுருங்க மருந்து, இரத்தம் உறைய உதவும் டிரனெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், எங்கிருந்து இரத்தம் வருகிறது என்ற பரிசோதனை ஆகிய ஐந்தையும் ஒன்று முடிந்து ஒன்று என்று காத்திராமல் ஒருசேரத் தொடங்கினார்கள். ஐந்தில் ஒன்றுகூடப் புதிய மருந்தன்று. கடும் இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்க நேர்வது, அதனால் சாவு என்ற மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், பழைய முறையைத் தொடர்ந்த மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கு 43 பேர். புதிய முறைக்கு மாறிய மருத்துவமனைகளில் 16 பேர். முடிவு 2023 மே மாதம் வெளியானது. பழைய முறையில், கண்மதிப்பீட்டில், பாதிப் பேரின் இரத்தப்போக்குதான் கண்டுபிடிக்கப்பட்டது. விரிப்பு வந்தபின் நூற்றுக்கு 93 பேருக்குக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த விரிப்பை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தபோது, முன்னொரு நாள் விடியற்காலையில் வெளுத்துப் போன ஒரு முகம் என் நினைவுக்கு வந்தது. உங்கள் குடும்பத்தில் யாராவது கருவுற்றிருந்தால், பிரசவ அறையில் இரத்தத்தை அளக்கும் விரிப்பு வைப்பார்களா என்று தாராளமாகக் கேளுங்கள்.

காசநோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் மாகாணத்தில் அதைத் தொடாத தெரு இல்லை. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு முன்பெல்லாம் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று சிகிச்சை நீளும். அதில் மாதக்கணக்கில் ஊசி உண்டு. அந்த ஊசி காதைக் கெடுக்கும். டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஒரு பேருந்து ஓட்டுநர், தினமும் காலையில் மனைவியின் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துக்கொள்வார். ஒருநாள் கடிகாரத்தை என்னிடம் நீட்டி, "இது நின்றுவிட்டதா டாக்டர்?" என்று கேட்டார். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தென்னாப்பிரிக்கா 2018இல் அந்த ஊசியை விலக்கி, பெடாகுவிலின் மாத்திரையை அதன் இடத்தில் வைத்தது. அதன்பின், மிகக் கடுமையான வகைக் காசநோய் உள்ள 109 தென்னாப்பிரிக்க நோயாளிகளுக்குப் பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லைனசோலிட் ஆகிய மூன்றையும் ஆறே மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது: பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். ஆனால் அதே ஆய்வில் நூற்றுக்கு 81 பேருக்கு லைனசோலிட்டால் கை கால் நரம்பு பாதித்து எரிச்சலும் மரத்துப்போதலும் வந்தன. அதை மறைக்காமல் எழுதினார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பாதிப்பைக் கண்டதால்தான் அடுத்த ஆய்வில் அந்த மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார்கள். நரம்புப் பாதிப்பு நூற்றுக்கு 24 ஆக இறங்கியது, குணமாகும் விகிதம் 91லேயே நின்றது. பெலாரூஸ், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளோடு டர்பனும் பங்கேற்ற மற்றோர் ஆய்வு, இவற்றோடு மாக்ஸிஃபிளாக்சசினையும் சேர்த்து 24 வாரம் கொடுத்தது. 2022இல் வெளியான அதன் முடிவில், பழைய நீண்ட சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 48 பேருக்குச் சிகிச்சை உருப்படியாக முடியவில்லை; பெரும்பாலும் பக்கவிளைவு தாங்காமல் இடையில் நிறுத்தியவர்கள் அவர்கள். புதிய சிகிச்சையில் அப்படிப்பட்டவர்கள் 11 பேர்தான்.

இத்தனை நல்ல செய்தியைக் கேட்டதும் புதியதெல்லாம் மேலானது என்று எண்ணிவிடுவது எளிது. அங்கே நிதானம் வேண்டும். சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்கு இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் கொடுப்பது பல பத்தாண்டுப் பழக்கம். அது தொல்லை பிடித்த மருந்து. அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், கீரை கூடுதலாகச் சாப்பிட்டாலும் அளவு மாறும். ரிவராக்ஸபான் என்ற புதிய மாத்திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே அதுவே இவர்களுக்கும் நல்லதாக இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். ஆப்பிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா என 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து நடத்திய இன்விக்டஸ் ஆய்வின் முடிவு 2022இல் வந்தபோது, ரிவராக்ஸபான் எடுத்தவர்களில் 552 பேரும் பழைய மருந்து எடுத்தவர்களில் 442 பேரும் இறந்திருந்தார்கள். இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையிலான நோயாளிகள். ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால், என்னைப் போன்ற மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு மருந்தை மாற்றிக் கொடுத்து, எத்தனை பேர் அதனால் போனார்கள் என்று தெரியாமலே இருந்திருப்போம்.

சீட்டுக் குலுக்கிப் போடுவது போல நோயாளிகளை இரண்டு அணியாகப் பிரிப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தெம்பாக இருப்பவருக்குப் புதியதைக் கொடுத்துவிட்டுப் புதியதால் பிழைத்தார் என்று எழுத நேரும். குலுக்கலில் அந்தப் பாரபட்சத்துக்கு இடமில்லை. எது மேல் என்பது உண்மையிலேயே தெரியாத நிலையில்தான் அப்படிக் குலுக்கிப் போட அனுமதி கிடைக்கும். நடுவில் ஒரு தனிக்குழு கணக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் தெளிவாக மேலென்று தெரிந்தால் ஆய்வை நிறுத்தச் சொல்லும். மேலே சொன்ன 24 வாரக் காசநோய் ஆய்வு அப்படித்தான் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு இருமுறை மட்டும் போடும் லெனகாபவிர் ஊசியால் எச்ஐவி தொற்றைத் தடுக்க முடியுமா என்று தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடத்திய ஆய்வும் 2024இல் இடைக்கணக்கிலேயே முடிவு கண்டது. ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தினமும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 55 பேருக்கு வந்திருந்தது. அந்த ஊசி நம் பகுதிச் சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

அறுவை சிகிச்சைத் துறையில் ஓர் ஆய்வு தோற்றதையும் குறிப்பிட வேண்டும். 2018இல் வெளியான ஆய்வொன்று, ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் அறுவைக்குப் பின் இறப்பவர்களின் விகிதம் உலகச் சராசரியைப்போல் இரு மடங்கு என்று காட்டியது. அபாயம் கூடியவர்களை அடிக்கடி கவனித்தால் சாவு குறையுமென்று எண்ணி அடுத்த ஆய்வை நடத்தினார்கள், குறையவில்லை. மாறாக, வயிற்று அறுவையில் தையல் போடுமுன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினாலே புண்ணில் சீழ் பிடிப்பது நூற்றுக்கு 19லிருந்து 16 ஆகக் குறைகிறது என்று, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 13,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2022இல் காட்டியது.

இப்போது அப்பாவுக்கு வருவோம். அவருக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகளைப் பற்றியது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதற்காக வந்தவை இவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் செய்யும் நன்மை பின்னர்தான் தெரிய வந்தது. 2019இல் வெளியான ஆய்வில், இதயம் பலவீனமான 4,744 பேரில் பாதிப் பேருக்கு டாபாகிளிஃப்ளோசினும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மற்ற இதய மருந்துகள் இருவருக்கும் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில், இதயநோய் முற்றி மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தவர்களும் இதயநோயால் இறந்தவர்களும் வெற்று மாத்திரை அணியில் நூற்றுக்கு 21 பேர், மருந்து அணியில் 16 பேர். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் அதே பலன் கிடைத்தது. சிறுநீரகம் கெட்டவர்களிடம் நடத்திய இன்னோர் ஆய்வு, பலன் தெளிவாகத் தெரிந்ததால் 2020இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். "அபாயம் நான்கில் ஒரு பங்கு குறைகிறது" என்று விளம்பரத்தில் வரும். நூறு பேர் சாப்பிட்டால் ஐந்து பேர் தப்புகிறார்கள், 16 பேருக்கு மருந்து இருந்தும் நோய் முற்றுகிறது என்பதே அதன் பொருள். ஐந்து பேர் தப்புவது சிறிய காரியமன்று. ஆனால் மருந்து சாப்பிட்டும் மூச்சு வாங்கினால் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை.

இந்த மாத்திரையில் நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. தைப்பூசக் காவடிக்கும் புரட்டாசிக்கும் நாம் விரதம் இருப்போம். உணவைக் கடுமையாகக் குறைக்கும்போதோ, வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாமல் போகும்போதோ, இந்த மாத்திரையைத் தொடர்ந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே உயிருக்கு ஆபத்து வரும். அறுவை சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பும் இதை நிறுத்திவைக்க வேண்டும். விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பிறப்புறுப்பில் அரிப்பு வந்தாலும் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். அது இந்த மாத்திரைக்கு வழக்கமானது, எளிதில் தீர்க்கலாம்.

எடை குறைக்கும் ஊசி, அதாவது செமாகுளூட்டைட், பற்றிய செய்தி உண்மைதான். ஆனால் அது யாருக்கு என்பதைச் செய்தியில் விட்டுவிட்டார்கள். 2023இல் முடிவு வந்த அந்த ஆய்வில் இருந்த 17,604 பேரும் ஏற்கெனவே இதய இரத்தக்குழாய் நோயோ பக்கவாதமோ போன்ற பாதிப்பு கண்டு, உடல் எடை கூடுதலாக இருந்து, சர்க்கரை நோய் இல்லாதவர்கள். ஏறக்குறைய மூன்றேகால் ஆண்டில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் சாவு ஆகியவை நூற்றுக்கு 8லிருந்து 6.5 ஆகக் குறைந்தன. உங்கள் அப்பா அந்தக் கூட்டத்தில் இல்லை. சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு அதே ஊசி உதவுகிறது என்று 2024இல் வேறோர் ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே அவருடைய சிறுநீரகப் பரிசோதனை முடிவை வைத்துத்தான் அதைப் பேச வேண்டும். யாருக்கு என்ற கேள்வியை விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொரோனாக் காலத்தில் பார்த்தோம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் சாவை நூற்றுக்கு 41லிருந்து 29 ஆகக் குறைத்தது; ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை. ஆயினும் வீட்டில் லேசான காய்ச்சலோடு அதை விழுங்கிச் சர்க்கரை தாறுமாறாக ஏறி வந்தவர்களை நான் வார்டில் பார்த்தேன்.

ஆகவே, படிவம் விஷயத்தில் என் கருத்து இது. பயத்தால் மறுக்கவும் வேண்டாம்; பெரிய டாக்டர் கேட்டாரே, முகம் முறிக்கலாமா என்ற மரியாதைக்காகக் கையெழுத்திடவும் வேண்டாம். பின்னதுதான் நம்மவரிடம் அதிகம் நடக்கிறது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க அவகாசம் கேளுங்கள். கொடுக்காவிட்டால் சேர வேண்டாம். ஆய்வில் சேராவிட்டால் அப்பாவுக்கு என்ன சிகிச்சை கிடைக்கும், மேலே சொன்ன மாத்திரை அதில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. புதிய மருந்து வழக்கமான மருந்துகளோடு கூடுதலாகத் தரப்படுகிறதா, அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டுத் தரப்படுகிறதா என்று கேளுங்கள். எடுத்துவிட்டு என்றால் காரணம் விளங்கும்வரை விடாதீர்கள். ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதைப் பலர் கேட்க மறந்து, பின்னால் வருந்துகிறார்கள். ஆய்வால் உடலுக்குக் கெடுதி நேர்ந்தால் அந்தச் சிகிச்சைச் செலவு யாருடையது, அதற்குக் காப்பீடு உண்டா என்பது படிவத்திலேயே இருக்க வேண்டும். ஆய்வுக்காகக் கூடுதலாக வந்துபோகும் வண்டிச் செலவும் தரப்பட வேண்டும். தென்னாப்பிரிக்க மருந்து ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதியும், ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற்றிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மருந்தாய்வு சட்டப்படி நடக்கக் கூடாது.

முடிவு எடுக்க வேண்டியவர் அப்பா. படிவம் ஆங்கிலத்தில் இருந்து, அவருக்குத் தமிழில் சொன்னால்தான் நன்றாக விளங்கும் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகச் சொல்லுங்கள். சித்தப்பாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அப்பா தம் வாயால், இந்த ஆய்வில் தமக்கு என்ன செய்வார்கள், எப்போது விலகலாம் என்று திருப்பிச் சொல்லட்டும். திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் இன்னொருநாள் மறுபடி படிக்கலாம். கையெழுத்திட்டால் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, அதில் இருக்கும் இரண்டு தொலைபேசி எண்களை, அதாவது ஆய்வு மருத்துவருடையதையும் நெறிமுறைக் குழுவினுடையதையும், பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.